சமையலறைச் சுவரும் நான் அடித்த டிக்கும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கையின் கணவன் காலில் ரப்பர் செருப்போடு, மர நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் தங்கள் தங்கையும் இந்த நிமிடம் வரை சௌக்கியம். அடுத்த நிமிடத்துக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. அவ்விடம் தங்கள் சுகத்தையும், அக்காவின் முட்டிவலி எந்த மட்டில் இருக்கிறது என்பதையும் அறிய ஆவலாக இருக்கிறேன். இக்கடிதத்தைப் படித்தவுடன் சுக்குநூறாகக் கிழித்துவிடவும். எரிக்க வேண்டாம். முப்பத்தோரு வருடம் இன்சூரன்ஸ் ஆபீசில் எரிந்துபோன வீடுகளின் கோப்புகளுக்கு நம்பர் போட்டவன் சொல்கிறேன், நெருப்போடு விளையாட்டு வேண்டாம்.

விஷயம் என்னவென்றால், எங்கள் சமையலறைச் சுவர் சுடுகிறது. போன மாதம் மின்சார அடுப்பின் பிளக்கைப் பிடுங்கப் போன உங்கள் தங்கை "ஸ்ஸ்" என்று கையை உதறினாள். என்னம்மா என்று ஓடினால், "ஒண்ணுமில்லைங்க, யாரோ லேசாக் கிள்ளின மாதிரி இருந்துச்சு" என்கிறாள். கிள்ளின மாதிரி! மச்சான், நான் நம்பர் போட்ட கோப்புகளில் பாதி இப்படி ஒரு கிள்ளலில்தான் ஆரம்பிக்கும், கடைசிப் பக்கத்தில் 'காரணம்: மின்கசிவு' என்று முடியும். பிளக் பாயின்டின் ஓரம் தீய்ந்து பழுப்பாகியிருந்தது. புறங்கையால் சுவரைத் தொட்டேன், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது. இனி மூன்று வேளையும் கடையில் சாப்பிடலாம் என்றேன். இரண்டாம் நாளே, "கரண்டுல போனாலும் போறேன், இந்தச் சாப்பாட்டுல போக மாட்டேன்" என்று மறுபடி அடுப்பைப் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவள் சமைக்கும்போதெல்லாம் நான் பின்னால் துடைப்பக் கட்டையை ஓங்கியபடி நிற்கிறேன். கரண்ட் பிடித்துவிட்டால் மரக்கட்டையால் தட்டிவிட வேண்டும் என்று எங்கள் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தது. இதை ஜன்னல் வழியாகப் பார்த்த மாடி வீட்டு டீச்சர், நான் இல்லாத நேரம் பார்த்து வந்து, "அக்கா, எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க, பயப்படாதீங்க" என்று உங்கள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். உங்கள் தங்கை விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். ஐயோ பாவம், சிரித்துச் சமாளிக்கிறாள் என்று டீச்சர் இன்னும் அழுதிருக்கிறாள். இப்போது படிக்கட்டில் என்னைக் கண்டால் அந்த டீச்சர் சுவரோடு ஒட்டிக்கொண்டு போகிறாள்.

சரி, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி வைத்திருப்பான், பல்குச்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் சுவரைத் தட்டிப் பார்த்து, "பழைய வயரு சார், மெல்லிசு. அடுப்புக்குன்னு மெயின் போர்டுலேர்ந்து தனியா ஒரு லைன் இழுக்கணும். ஆனா பெர்மிட் இல்லாம நான் தொட மாட்டேன், என் லைசென்ஸ் போயிடும்" என்றான். தானே வாங்கித் தருவதாகவும் சொன்னான். கேட்டேனா? நம் வீட்டுக் காகிதம் இன்னொருவன் சட்டைப்பையில் கிடப்பதா என்று பயந்து, நானே போகிறேன் என்று கிளம்பினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அன்றைக்குத்தான் ஆரம்பம்.

பெர்மிட் தரும் மின்சார ஆபீசில் ஐந்து ஜன்னல்கள். நமக்கு மூன்றாம் ஜன்னல். அங்கே இருந்த அம்மாள் தலை நிமிராமல் பதினோரு பக்கப் படிவம் ஒன்றைத் தள்ளினாள். எட்டுக் கேள்வி வரை எழுதிவிட்டேன். ஒன்பதாவது கேள்வி, வேலையைச் செய்யப்போவது யார்? முதல் கட்டம், லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன். அதற்கு அவனுடைய லைசென்ஸ் நகல், சம்மதக் கடிதம், இரண்டு போட்டோ. என்னிடம் ஏது பல்குச்சியின் போட்டோ? இரண்டாவது கட்டம், வீட்டு உரிமையாளர். அதற்கு இணைப்பு எதுவும் தேவையில்லை. எனக்குப் பின்னால் இருபது பேர். "பெரியவரே, ஒரு டிக் அடிக்க இவ்ளோ நேரமா? நாங்க வீட்டுக்குப் போக வேணாமா?" என்று ஒருவன் கழுத்தில் மூச்சு விட்டான். இரண்டாவது கட்டத்தில் அடித்துவிட்டேன். வீடு நம்முடையதுதானே, இதில் என்ன பொய் என்று அந்த நேரத்துக்குத் தோன்றியது. கீழே உரிமையாளர் கையெழுத்து என்று இருந்தது. வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பத்திரம் பதியப் போகவேண்டிய அன்று எனக்குப் பயத்தில் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல், உங்கள் தங்கை தனியாகப் போய்த் தன் பெயரில் பதிந்துகொண்டு வந்தாள். ஆகவே படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடி கூடப் போடாமல் நாலு பக்கம் புரட்டினாள், "எங்க?" என்றாள், போட்டுக் கொடுத்துவிட்டாள்.

நாலே நாளில் பெர்மிட் வந்தது. அரசாங்கக் காகிதம் நாலு நாளில் வந்தால் அது நல்லதுக்கா வரும்? பச்சை அட்டை. 'இவ்வீட்டின் மின்பணி முழுவதையும் தம் சொந்தக் கையால் மட்டுமே செய்வதாக உரிமையாளர் உறுதி கூறியுள்ளார். மீறினால் மின்துண்டிப்பு, அபராதம் அல்லது சிறைத்தண்டனை.' மூன்றாம் ஜன்னலுக்கு ஓடினேன். "அம்மா, தப்பா டிக் அடிச்சுட்டேன், மாத்திக் குடுங்கம்மா" என்றேன். "ரத்து பண்ண அறுபது நாள் ஆகும். அதுவரைக்கும் வீட்டுல கரண்ட் இருக்காது. பரவாயில்லையா?" என்றாள். பிறகு முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி, "உரிமையாளர் நீங்களா?" என்றாள். "இல்லம்மா, என் சம்சாரம்." "அப்ப அவங்கதான் செய்யணும். நீங்க வயரைத் தொடவே கூடாது." தொடவே கூடாது என்றதும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த அப்பாடாவை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. அடுத்த நொடியே புரிந்துவிட்டது. வேலை செய்தால் கரண்ட் அவளைப் பிடிக்கும், செய்யாவிட்டால் சுவர் அவளைப் பிடிக்கும், வேறு யாராவது செய்தால் போலீஸ் அவளைப் பிடிக்கும். மூன்றுக்கும் டிக் அடித்தவன் நான்.

பல்குச்சியிடம் அட்டையைக் காட்டினேன். காறித் துப்பாத குறையாக வாசலிலிருந்தே திரும்பிவிட்டான். கொத்தனாரைக் கூப்பிட்டேன். "சுவரைத்தான் வெட்டுவேன், வயர்ப் பக்கம் வரமாட்டேன்" என்று சொல்லி, மெயின் போர்டிலிருந்து அடுப்படி வரை சுவரை நீளமாக வெட்டிவிட்டுப் போனார். உங்கள் தங்கையிடம் சுவரில் ஈரம், ஓதம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வெட்டினேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேலையைச் சோதிக்க மின்சார ஆபீஸ் அதிகாரி வந்து பார்க்கும்வரை அதைப் பூசக் கூடாதாம். அந்தப் பள்ளத்தைப் பார்த்தாலே எனக்கு உதறல் எடுப்பதால் ஒரு பழைய படுக்கைவிரிப்பை மேலிருந்து கீழ்வரை தொங்கவிட்டுவிட்டேன், அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. பச்சை அட்டையைத் தெருவுக்குத் தெரிய ஜன்னலில் ஒட்ட வேண்டுமாம். ஒட்டினேன், கொசு மருந்து அடிப்பவர்கள் கொடுத்தது என்று அவளிடம் சொன்னேன். மறுநாளே அதைப் படித்துவிட்டு எதிர்வீட்டுத் தையல்காரர் தையல் மிஷின் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மா இருக்காங்களா? அவங்கதான் எல்லாம் பாக்குறாங்களாமே" என்கிறார். அவள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து தும்முகிறாள். என்னத்தைச் சொல்ல!

பெர்மிட்டோடு உரிமையாளருக்கு என்று அறுபத்து நாலு பக்கத்தில் ஒரு கையேடும் வந்தது. அதை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். எடுக்கும்போதெல்லாம் வைத்த இடத்தில் இருப்பதில்லை, என் புத்தி அந்த லட்சணத்தில் இருக்கிறது. முப்பத்திரண்டாம் பக்கத்தில் எண்ணெய்க் கறை வேறு. பயத்தில் எனக்கு வியர்க்கும், ஆனால் எண்ணெயாக வியர்க்குமா என்று தெரியவில்லை. டாக்டரிடம் கேட்க வேண்டும். உங்கள் தங்கையும் சரியில்லை. தினமும் இரண்டு தடவை கடைக்கு அனுப்புகிறாள், அதுவும் ஊர்க் கோடியில் உள்ள கடைக்கு. முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்டால், "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போய் உப்பு வாங்கிட்டு வாங்க" என்கிறாள். உப்பு ஏற்கெனவே நாலு பாக்கெட் இருக்கிறது.

அதிகாரி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார். மச்சான், நாற்பது வருடம் வயர் இழுத்த கை உங்களுடையது. அவள் என்ன செய்வாள்? சின்ன வயதில் உங்களோடு வேலைக்கு வந்து ஏணி பிடித்தவள், அவ்வளவுதானே. ஆகவே புதன்கிழமை பஸ்ஸில் கிளம்பி வந்துவிடவும். கையில் ஒரு பழப்பை. ஸ்பேனர், டெஸ்டர் எல்லாம் பழத்துக்கு அடியில். தங்கையைப் பார்க்க வந்ததாகச் சொல்லுங்கள். வியாழக்கிழமை நான் அவளைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன், அந்த மூன்று மணி நேரத்தில் நீங்கள் லைனை இழுத்துவிடுங்கள். பிறகு அதிகாரி கேட்டால் சொல்ல நாலு பதிலை அவளுக்கு நைசாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம். அப்படியும் மாட்டிக்கொண்டால், செய்தது நான்தான் என்று முன்னால் போய் நின்றுவிடுவேன். பையெல்லாம் கட்டி வைத்துவிட்டேன். இரண்டு சட்டை, ஒரு போர்வை, பிரஷர் மாத்திரை. சிறையில் எல்லாம் எனக்கு ஒரு நாள் தாங்காது என்று எனக்கே தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் அவள் அந்தச் சுவரோரம் நின்று முணுமுணுவென்று பாடிக்கொண்டே கிளறிக்கொண்டிருக்கிறாள் மச்சான், எனக்குக் கட்டையைப் பிடித்த கை மரத்துப்போகிறது. அவளுக்கு ஒன்று என்றால் நான் இல்லை. இதை அவளிடம் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். தாங்கள் குடும்பத்தோடு எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத் தூங்கி, பல்லாண்டு விழித்தெழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வருகையையே நம்பி உயிரைக் கையில் பிடித்திருக்கும்
தங்கை கணவன்.

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. மேலே உள்ளதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். திங்கட்கிழமை இதற்கு ஸ்டாம்ப் வாங்கப் போனவன், மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்கப் பாதி வழியில் திரும்பினேன். வீட்டில் கரண்ட் இல்லை. படுக்கைவிரிப்புக்குப் பின்னால் ஏணி, ஏணி மேல் உங்கள் தங்கை, காலில் என் இன்னொரு ஜோடி ரப்பர் செருப்பு. நான் போட்ட கத்தலில் மாடி வீட்டு டீச்சர் ஓடி வந்துவிட்டாள். "கத்தாதீங்க, மெயினை அணைச்சுட்டுத்தான் ஏறியிருக்கேன். வந்து ஏணியைப் பிடிங்க" என்றாள். பிடித்தேன். "படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு நெனச்சீங்களா? எனக்குக் கண்ணாடி தூரத்துக்குத்தானேங்க" என்றாள். முப்பது வருடம் கூட இருந்து எனக்கு இது தெரியவில்லை. நீங்கள் வேலைக்குப் போன வீடுகளில் பாதிக்கு ஏணி பிடித்தது நீங்கள்தானாமே, மச்சான்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அதிகாரி வெள்ளிக்கிழமை வந்தார், அவளை ஐந்து கேள்வி கேட்டார். அவள் பதில் சொல்லச் சொல்ல, நான் பயத்தில் கையேட்டின் பக்க எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டவர், வீட்டில் தீப்பிடிக்க வாய்ப்புள்ள பொருள் ஒன்றே ஒன்று இருப்பதாகவும் எழுதினார். அது நான் தொங்கவிட்ட படுக்கைவிரிப்பு.

சுவர் சில்லென்று இருக்கிறது. புறங்கையை வைத்துக்கொண்டு நேற்று நெடுநேரம் நின்றேன். இன்று காலை அவள் இன்னொரு பதினோரு பக்கக் காகிதத்தோடு வந்து, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பக்கம் கூடப் படிக்காமல் போட்டேன், மச்சான். போட்ட பிறகுதான் என்னம்மா இது என்று கேட்டேன். "குளியலறை ஹீட்டருக்கு. கூட ஒருத்தர் வேலை செய்யலாமாம், உங்க பேரைப் போட்டிருக்கேன்." "ஏணி பிடிக்கத்தானே?" "இந்தத் தடவை ஏணி நான் பிடிக்கிறேன்" என்றுவிட்டாள். ஆகவே வரும் புதன்கிழமை பஸ்ஸில் தவறாமல் வந்துவிடவும். பழம் வேண்டாம்.