கத்திரிக்காய் ஹவில்தார் கேட்ட பஞ்சப்படி

ஃபைலைப் பார்த்து மனிதர்கள் நடுங்குவதுதான் உலக வழக்கம். மனிதரைப் பார்த்து ஃபைல்கள் நடுங்கியது கத்திரிக்காய் ஹவில்தார் ஒருவருக்குத்தான்.

எழுபதுகளின் தொடக்கம். திருவள்ளூரில் பென்ஷன் பட்டுவாடா செய்யும் ஆபீஸில் நான் குமாஸ்தா. விலைவாசி ஏறியதால் பழைய சிப்பாய்களின் பென்ஷனோடு பஞ்சப்படி சேர்த்துத் தருவதாக அறிவிப்பு வந்திருந்தது, ஆர்டர்தான் வரவில்லை.

திங்கள்தோறும் ஹவில்தார் செவ்வாப்பேட்டையில் ரயிலேறி வந்துவிடுவார். அவர் அடிக்கும் சல்யூட்டில் என் மேஜை மைக்கூடு ஒரு சாண் நகரும். பிறகு பையிலிருந்து இரண்டு கத்திரிக்காயை எடுத்து வைப்பார்.

"இதெல்லாம் என்ன, ஹவில்தார்?"

"சாட்சி சார். போன மாசம் இதே காசுக்கு நாலு குட்த்தான். கத்திரிக்கா டபுள் மார்ச்ல போய்க்கினு கீது, நம்ம பென்ஷன் அட்டென்ஷன்லயே நின்னுகினு கீதே!"

"மேலேருந்து ஆர்டர் வரணும்."

விறுவிறுவென்று மொட்டை மாடிக்குப் போய்த் திரும்பினார். "மேல காக்காதான் சார் கீது."

எங்கள் அதிகாரி கடுப்பாகி, ஆபீஸுக்குள் காய்கறி கொண்டுவரத் தடை போட்டார். அடுத்த திங்கள் ஹவில்தார் மண்ணெண்ணெய் டின்னோடு வந்தார். "இது காய்கறி இல்ல சார்."

ஒருவழியாக ஆர்டர் வந்தது. கையெழுத்துப் போட ஹவில்தாரிடம் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"லூர்து சம்சாரத்துக்கு?"

லூர்து அவரோடு பட்டாளத்தில் இருந்து, எல்லைப் பனியில் செத்துப்போனவர். மனைவி ஆரோக்கியம் கும்மிடிப்பூண்டிப் பக்கம் செங்கல் சூளையில் கல் சுமந்தாள். ஒரு தாளில் 'லூர்து', இன்னொன்றில் 'லூர்துசாமி' என்று இருந்ததால் அவளுடைய பஞ்சப்படி மட்டும் நின்றுவிட்டது.

"அது வேற கேஸ். நீங்க உங்களுதை வாங்கிக்குங்க."

"ஒரே கூடாரத்துல பட்த்தோம் சார். அவங்க ஊட்டு அரிசிக்கு மட்டும் வேற வெலையா?"

அன்றிலிருந்து வேலை நாள் தவறாமல் வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சத்தமில்லை, சாட்சிப் பொருளும் இல்லை. முதுகு மட்டும் துப்பாக்கி மாதிரி நேராக இருக்கும். மூன்றாவது வாரம் அதிகாரியே வெளியே வந்தார்.

"பேஜாரு பண்ணாதய்யா. உன் பணத்தையாவது வாங்கிக்க!"

"அவங்களுக்குக் குட்த்துட்டு எனக்குக் குடு சார்."

அதிகாரி உள்ளே போய் லூர்துவின் ஃபைலை எடுத்து வந்தார். "வா, நீதான் சாட்சி" என்று அவரை மதராஸுக்கு அழைத்துப் போனார். லூர்தும் லூர்துசாமியும் ஒரே ஆள்தான் என்று ஹவில்தார் அங்கே எழுதிக் கையெழுத்திட்டார்.

பத்தே நாளில் ஆரோக்கியம் வந்தாள். செங்கல் தூள் படிந்த கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு ரேகை வைத்தாள். "எனுக்காகவா இத்தினி நாளு குந்திகினு இருந்தே, அண்ணா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். ஹவில்தார் உத்தரத்தைப் பார்த்தபடி, "பெஞ்சு நல்லா இருந்துச்சும்மா" என்றார். அப்புறம்தான் பேனாவை வாங்கினார்.

மறு வருஷம் எனக்குப் பள்ளிப்பட்டுக்கு மாற்றல். வழியனுப்ப பஸ் நிலையத்துக்கு வந்தவர், என் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுக் கவலையோடு கேட்டார்:

"அங்க யாரு சார் உங்கள தொந்தரவு பண்ணுவாங்க?"