தெருவெல்லாம் காளைக்கன்று

"இன்னிக்கி மூணு வூட்டுல காளங்கன்னு மேடம்" என்று கலியமூர்த்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

கயல்விழி டீயைக் குடிக்காமல் கீழே வைத்தாள். நேற்றுதான் இரண்டு என்று சொல்லியிருந்தார். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், ப்யூஸ் கட்டை செய்யும் கொட்டகைக்கும் களிமண் அரைக்கும் மில்லுக்கும் நடுவில் இருந்த அவளுடைய ஆய்வுக்கூடம் உயிரோடு இருந்ததே ஒரு வாக்குறுதியை நம்பித்தான். எங்கள் சினை ஊசி போட்டால் பசு பெண் கன்றுதான் ஈனும் என்பது அந்த வாக்குறுதி. ஏருக்கும் வண்டிக்கும் டிராக்டர் வந்துவிட்ட பிறகு காளைக்கன்றை யார் சீந்துகிறார்கள்?

வேலை முழுவதையும் செய்தது ஓர் இயந்திரம். சாயம் ஏற்றிய விந்தணுக்கள் நூல்போன்ற நீர்த்தாரையில் ஒவ்வொன்றாக லேசர் ஒளியைக் கடக்கும். பெண் கன்று தருவது ஒரு சிட்டிகை கூடுதலாக மின்னும். மேலே ஒரு பீங்கான் வில்லை அதிர்ந்து தாரையைக் கீழே சொட்டுச் சொட்டாக உடைக்கும். வேண்டிய அணு இருக்கும் சொட்டுக்கு மட்டும் மின்சாரம் ஏற்றினால் அது விலகிப்போய்த் தனிக்குழாயில் விழும். லேசர் பார்ப்பதற்கும் சொட்டு பிரிவதற்கும் இடையே இருக்கும் தாமதத்தை இயந்திரம் சரியாகப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால், மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய மாலையைத் தோழன் கழுத்தில் போட்ட கதைதான்.

நூற்றுக்குத் தொண்ணூறு பெண் கன்று என்று கம்பெனி நோட்டீஸ் அடித்திருந்தது. தப்பித்தவறிக் காளை பிறந்தால் அந்த வீட்டுக்கு ஒரு மூட்டை மாட்டுத்தீவனம் இலவசம். சோதனைக்கு எடுத்துக்கொண்டது ஸ்ரீமுஷ்ணம் போகிற வழியில் ஒரே ஓர் ஊர். ஊசி போடுவதும், கன்று பிறந்ததும் போய்ப் பார்த்து வருவதும் கலியமூர்த்தியின் வேலை. அந்த ஊரில் இப்போது பாதிக்குப் பாதி காளை.

"கன்னைக் கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"ஒவ்வொரு வூட்டுலயும் பாத்துட்டுத்தான் மேடம் மூட்டைய எறக்குனேன்."

அப்படியென்றால் குற்றம் இயந்திரத்தின் மேல்தான். கயல்விழி மிச்சமிருந்த உறைவிந்துக் குச்சிகளை எடுத்துச் சோதித்தாள். எல்லாம் தொண்ணூறுக்கு மேல் காட்டின. இயந்திரம் நன்றாக இருப்பதாகச் சொல்லச் சொல்ல அவளுக்கு அதன்மேல் சந்தேகம் வலுத்தது. வேறு யாராவது என்றால் ஆண்டவன் விட்ட வழி என்று இருந்திருப்பார்கள். இவள் கோலத்தில் ஒரு புள்ளி தவறினால் வாசலையே மறுபடி தெளிக்கிற ரகம்.

முதலில் தாமதத்தைத் திருத்தினாள். விந்தணுவுக்குப் பதிலாக மின்னும் பொடி மணிகளை ஓடவிட்டு, எந்தச் சொட்டில் விழுகின்றன என்று பார்த்துப் பார்த்து, கண் சிவக்கத் திருத்தினாள். அடுத்து, மில் ஓடும்போது தரை அதிர்கிறது, அதனால்தான் சொட்டு தடுமாறுகிறது என்று முடிவு கட்டினாள். பக்கத்துக் கொட்டகை மாயவனிடம் போய், முற்பகலில் மில்லை நிறுத்தச் சொல்லிக் கேட்டாள். மனிதர் நிறுத்தினார். ஆனால் மாட்டுக்குப் பொட்டக்கன்னு பொறக்கறதுக்கு எம் மில்லு நிக்குது என்று தொழிற்பேட்டை முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அதன் பிறகு டீக்கடையில் அவளைப் பார்த்தவர்கள் எல்லாம் மாட்டைப் பற்றியே நலம் விசாரித்தார்கள்.

அது போதாதென்று, சந்தேகம் தட்டிய சொட்டையெல்லாம் கழிவில் தள்ளும்படி இயந்திரத்தை முடுக்கிவிட்டாள். சுத்தம் கூடியது, உற்பத்தி பாதியானது. கடைசியாக, ஏமாந்த விவசாயிகள் மனம் குளிரட்டும் என்று ஒரு மூட்டையை இரண்டு மூட்டையாக்கினாள். இது அவளே யோசித்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பசுவின் வயிற்றை யாரும் அவசரப்படுத்த முடியாது. ஒன்பது மாதமும் சில்லறை நாட்களும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஆய்வுக்கூடத்தில் சோதனை தொண்ணூற்றேழைத் தொட்டது. ஊரிலோ, பிறந்ததில் முக்கால்வாசி காளை என்றார் கலியமூர்த்தி.

புதுச்சேரியிலிருந்து முதலாளி திருமால் போன் செய்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. திங்கட்கிழமை லாரியோடு வருவதாகவும், இயந்திரத்தை வாங்கிக்கொள்ள வேறு ஊரில் ஆள் பார்த்துவிட்டதாகவும், ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிடலாம் என்றும் அமைதியாகச் சொன்னார். இந்தக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, தரையை இழைத்து, இயந்திரத்தைக் கைக்குழந்தைபோல இறக்கி வைத்தவள் கயல்விழி. போனை வைத்துவிட்டு அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, "வண்டிய எடுங்கண்ணே, நானே போய்ப் பாக்கறேன்" என்றாள். வருவதாக ஊருக்குத் தகவல் சொல்லிவிட்டு கலியமூர்த்தி வண்டியை எடுத்தார்.

முதல் வீடு கோவிந்தசாமியுடையது. அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"கன்னு பின்னால கொட்டாயில நிக்குது, ஓட்டியாரச் சொல்றேன். வெயில்ல வந்துருக்கீங்க, மொதல்ல மோரு குடிங்க."

மோர் குடித்து முடித்தபோது கன்று வந்தது. சந்தேகமே இல்லை, காளைதான். அடுத்த வீட்டில் இளநீர் வெட்டிக் கொடுத்த பிறகுதான் கன்றைக் காட்டினார்கள். அதற்கடுத்த வீட்டில் பணியாரம் சுட்டுத் தந்தார்கள், இரண்டு ஈடு வெந்து இறங்கும்வரை உட்கார வைத்தார்கள். நட்டப்பட்ட ஜனங்கள் இப்படி உபசரிக்கிறார்களே என்று கயல்விழி கொடுத்ததையெல்லாம் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். ஆறாவது வீட்டில் வயிற்றில் இடமில்லை, எதுவும் வேண்டாம் என்றாள். அந்த வீட்டம்மா பதறிப்போய், ஒரு வாய் காப்பியாவது குடிக்காமல் விடமாட்டேன் என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

கன்றுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருந்தன. தகப்பன் காளை ஒன்றாக இருந்தால் சாயல் அப்படித்தான் இறங்கும் என்று திரும்பும் வழியெல்லாம் கலியமூர்த்திக்குப் பாடம் எடுத்தாள். ஒரு வீட்டில் தாய்ப்பசுவே கன்றை எட்டி உதைத்தது. காளையைப் பெற்றுப்போட்ட ஏமாற்றம் வாயில்லா ஜீவனுக்கும் இருக்காதா என்று நினைத்து, அந்தப் பாவமும் தன் தலையில்தான் என்று எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை லாரி வந்தது. ஆட்கள் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கயல்விழி இயந்திரத்தின்மேல் கையை வைத்தபடி நகராமல் நின்றாள்.

"தாமதத்துல இன்னும் ஒரு திருத்தம் பாக்கி இருக்குது சார். ஒரே ஒரு சுத்து குடுங்க. சம்பளம் வேணாம்."

"ஊரே காளைங்கிறப்ப எதைம்மா திருத்துவீங்க?" என்றார் திருமால். அவருக்கும் வருத்தம்தான். ஆனால் கையை எடுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

அப்போது சந்தைப் பையோடு ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றாள். பேர் பூவாயி என்றும், அந்த ஊர்தான் என்றும், பொட்டக்கன்னு ஊசி ஆபீஸ் இதுதானா என்றும் கேட்டாள். திருமாலுக்கு அலுப்பு வந்தது.

"உங்க மாட்டுக்கும் காளைதானா? மூட்டையெல்லாம் இனிமே கெடையாதும்மா."

"எனக்கு மூட்டை வேணாங்க. எங்க மாட்டுக்கு ஊசியே போடல, காளைக்குத்தான் சேத்தோம்" என்றவள், கயல்விழி பக்கம் திரும்பினாள். "ஊரு பூரா உங்க ஊசிக்குப் பொட்டக்கன்னாவே பொறந்துட்டதால, உங்களுக்குக் காட்டுறதுக்குன்னு எங்க வூட்டுக் காளங்கன்னத்தான் வூடு வூடா ஓட்டிக்கினு போறாங்க, நீங்க பாத்து முடிச்சிட்டீங்கன்னா அனுப்பி வெக்கச் சொல்லுங்கம்மா, தாய்மாடு கத்துது."