மாதாவுக்கு ஒரு காப்பி

மொரப்பூரில் யாருக்கு என்ன வியாதி என்பது டாக்டருக்கு அடுத்தபடியாகத் தெரிந்த ஆள் ஒருவர்தான். நோயாளிக்கே மூன்றாவது இடம். அந்த ஆள் மாதா ஜெராக்ஸ்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். ஸ்டேஷன் ரோட்டில் அவர் நடத்திய ஜெராக்ஸ் கடைக்கு வேளாங்கண்ணி மாதாவின் பெயர். போகப் போகக் கடையின் பெயரே ஆளின் பெயராகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஃபாதர்கூட, "மாதா ஜெராக்ஸ் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார் என்று சொல்வார்கள். நான் நம்பவில்லை. ஆனால் கேட்டிருந்தால் ஆச்சரியப்படவும் மாட்டேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் சேலத்துக்கு வைத்தியம் பார்க்க ரயிலேறுமுன் காப்பீட்டு அட்டை, ஆதார், பழைய ஸ்கேன் என்று எதையாவது காப்பி எடுத்தே ஆக வேண்டும். அதற்கு மாதா ஜெராக்ஸை விட்டால் வழியில்லை. பேப்பரை வாங்கி மெஷினில் வைப்பதற்கு முன்னால் மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்துவரை படிப்பார். நடுவில் "அடடா" என்பார். "பரவால்ல" என்பார். நமக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும். அதற்கப்புறம்தான் மெஷின் ஓடும். இரண்டு காப்பி கேட்டால் மூன்று வரும்.

ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஒரு வங்கி ஊழியர் கேட்டார்: "ரெண்டுதானே சொன்னேன்?"

"மூணாவது உங்களுக்கு இல்லீங்க. அம்மாவுக்கு."

"உங்கம்மா என்ன டாக்டரா?"

"அதுக்கும் மேலங்க."

அந்த மூன்றாவது காப்பி மற்றவை மாதிரி இருக்காது. பெரிதாக்கி, பெரிய தாளில், மையைக் குறைத்து எடுப்பார். ஏன் பெரிதாக என்றால், "அங்க எத்தினி கூட்டம்ங்க! பெருசா இருந்தாத்தான் அம்மா கண்ணுல படும்." ஏன் வெளுப்பாக என்றால், "நோவு லேசாப் போவட்டும்னுதான்." சிறுநீரகக் கல்லோடு வந்த ஒருவர், தன் கல் பெரிய தாளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வருவதைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்ததும் மாதா ஜெராக்ஸ்தான்.

இப்படிச் சேர்ந்த காப்பிகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வேளாங்கண்ணிக்குப் போவார். எந்த மதம், எந்தத் தெரு என்றெல்லாம் பார்ப்பதில்லை. "தீர்த்தமலை சிவனுக்கு வேண்டியிருக்கறோம்" என்று யாராவது சொன்னால், "ரொம்ப நல்லதுங்க. அங்கயும் ஒண்ணு எடுத்துட்டுப் போறீங்களா?" என்று நாலாவது காப்பிக்குக் கையைக் கொண்டுபோவார்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரிக்கே போகாமல் நேராக மாதாவிடம் போகிறேன் என்று வந்தவர்களை அவர் விட்டதில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த கடத்தூர் விவசாயி ஒருவரை, "மொதல்ல ஈசிஜி எடுத்துட்டு வாங்க. ரிப்போர்ட்டு இல்லாம நான் எதைங்க அனுப்பறது?" என்று சத்தம் போட்டு ஆட்டோவில் ஏற்றினார். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். அந்த விஷயத்தில் நான் அவரைத் திட்டியதில்லை.

திட்டியதெல்லாம் நேர்ச்சை விஷயத்தில்தான். காப்பி அனுப்பினால் மட்டும் போதாது, கூடவே எதையாவது நேர்ந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனால் தன்னிடம் எதுவும் கிடையாது என்பார். தலையைத் தடவிக் காட்டி, "என்கிட்ட என்னா இருக்குதுங்க நேந்துக்க?" என்பார். அதனால் வந்தவர்களுடைய சாமான்களை, அவர்களைக் கேட்காமலே நேர்ந்துவிடுவார்.

என்னிடம் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னது முழு உண்மையில்லை. இடது காதோரத்தில் ஒரு பிடி முடி இருந்தது. அதை நீளமாக வளர்த்து, தேங்காய் எண்ணெய் தடவி, வழுக்கைக்கு மேலே ஏற்றி, வலது காதுவரை படிய வைத்திருப்பார். ஸ்டேஷனில் நிற்காத எக்ஸ்பிரஸ் ஏதாவது கடந்துபோனால், என்ன வேலையில் இருந்தாலும் இடது கை தானாகப் போய் அந்த முடியைப் பிடித்துக்கொள்ளும். வண்டி போனபிறகுதான் பாக்கிச் சில்லறை வரும். ஊரே பார்த்திருக்கிறது. அந்த முடியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறந்ததில்லை.

எதை நேர்வது என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. சளி, இருமல் என்றால் ஒரு மாசம் காபியை விடச் சொல்வார். அதற்கு மேலே போனால் பீடி. மூட்டுவலி, கண் ஆபரேஷன் என்றால் மீசை. ஒரு மாமியாரின் முழங்காலுக்காக மருமகனின் மீசையை நேர்ந்துவிட்டார். இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. மாமியார் எழுந்து நடந்ததும் மாதா ஜெராக்ஸ் மருமகனின் வீடு தேடிப்போய், "மாதா கேக்கறாங்க" என்று நின்றார். பாவம், எடுத்துவிட்டான். மீசையில்லாத மூஞ்சியைப் பார்த்து மாமியார் சிரித்த சிரிப்பில் பழைய சண்டையெல்லாம் போய், அன்றைக்கு அந்த வீட்டில் கோழிக் குழம்பு.

மீசைக்கு மேலே அவர் போய் நான் பார்த்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி சுமதிக்குக் கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டது. தாலிக் கயிற்றை மாற்றும்போது அவள்தான் கண்டுபிடித்தாள். தர்மபுரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சேலத்தில் பெரிய டாக்டரிடம் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது என்றார். 'நல்லது' என்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனை எங்களோடு பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற எண்ணம் வந்தபோதெல்லாம் நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அன்றைக்கு அவ்வளவு தண்ணீர் குடித்தேன்.

சேலம் போக ஸ்கேன் ரிப்போர்ட் காப்பி வேண்டும். மாதா ஜெராக்ஸிடம் போனால் படித்துவிடுவார். ஆகவே நான் ஒரு தந்திரம் செய்தேன். ரயிலேறி பொம்மிடிக்குப் போய் அங்கே எடுத்துக்கொள்வதென்று கிளம்பினேன். ஒரு காப்பிக்காக இன்னொரு ஊருக்கு ரயிலில் போன ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். போனால் பொம்மிடி முழுக்கக் கரண்ட் இல்லை. "சாயங்காலமாவும்ங்க. மொரப்பூரா நீங்க? அங்கதான் மாதா ஜெராக்ஸ் இருக்கறாரே!" என்றார் கடைக்காரர்.

திரும்பி வந்து இறங்கினால், கடை வாசலிலேயே நிற்கிறார்.

"என்னாங்க சார், பொம்மிடி வரைக்கும் போயிட்டு வந்தீங்களாமே?"

பேப்பரை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "அடடா" வரவில்லை. "பரவால்ல"வும் வரவில்லை. இரண்டாம் முறை படித்தார். பிறகு, "ஒண்ணுமில்லீங்க. சாதாரணக் கட்டி. எத்தினி கழுத்து பாத்திருக்கறேன்!" என்றார்.

சொல்லிக்கொண்டே என் தலையைப் பார்த்தார்.

என் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பங்காளிகளில் நாற்பதைத் தாண்டியும் முடியோடு இருக்கிற ஒரே ஆண் நான்தான். அண்ணன், சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் கண்ணாடி மாதிரி இருப்பார்கள். கல்யாண வீட்டில் நான் நுழைந்தால் அவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்பதைச் சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க முடியை நேந்துட்டேன்" என்றார் மாதா ஜெராக்ஸ்.

எனக்குக் கோபம் வந்தது. கூடவே பயமும் வந்தது. மீசைக்கு மேலே போகாத மனுஷன் தலைக்குப் போகிறார் என்றால், சாதாரணக் கட்டி என்று அவர் சொன்னது எதற்கு? "யாரைக் கேட்டு நேந்தீங்க?" என்று கத்தினேன். அவர் மூன்றாவது காப்பியை எடுத்து, இருக்கிற வெளுப்பு போதாதென்று இன்னும் வெளுப்பாக இன்னொன்று எடுத்தார்.

வீட்டுக்கு வந்து சுமதியிடம் பொரிந்து தள்ளினேன். "அந்தாளு என் முடியை நேந்துட்டானாம்!"

அவள் என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்தினாள். பிறகு சிரித்தாள். ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. "மொட்டையில நீங்க எப்பிடிங்க இருப்பீங்க?" என்று எங்கள் கல்யாணப் படத்தை எடுத்துவந்து, அதில் என் தலைமேல் விரலை வைத்து மறைத்துப் பார்த்தாள். சேலத்தில் ஊசி போட்டு, முடிவுக்காகக் காத்திருந்த நாட்கள் முழுக்க எங்கள் வீட்டில் பேச்சு என் மொட்டையைப் பற்றித்தான். தொப்பி வாங்கலாமா, என் காது அவ்வளவு பெரிதா என்றெல்லாம் ஆராய்ச்சி. அவள் சிரிப்பதற்காக நானும் கோபத்தைக் கூட்டிக் காட்டினேன்.

முடிவு வந்தது. "பயப்பட ஒண்ணுமில்லம்மா. சாதாரணக் கட்டிதான். மாத்திரை தரேன், அப்பப்ப வந்து காட்டுங்க" என்றார் டாக்டர். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

"அதான் ஒண்ணுமில்லன்னுட்டாங்களே, இப்ப எதுக்குங்க அழுவறீங்க?"

"முடி போவுதேன்னு" என்றேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஊருக்கு வந்ததும் எனக்குப் பழைய புத்தி திரும்பிவிட்டது. கட்டி நல்ல கட்டியாகத்தான் ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது, இதில் என் முடிக்கு என்ன சம்பந்தம் என்று நியாயம் பேசினேன். மாதா ஜெராக்ஸ் வாதாடவில்லை. "நீங்களாச்சு, அம்மாவாச்சு" என்று மட்டும் சொன்னார். சுமதிதான் விடவில்லை. "நமக்காவ ஒருத்தர் வேண்டியிருக்கறாருங்க. வாங்க போலாம்" என்றாள்.

மூன்று பேரும் போனோம். சேலம் வரை ரயில், அங்கிருந்து பஸ். துணிப்பையை மடியைவிட்டு இறக்காமலே வந்தார். காலையில் கோயிலுக்குள் வரிசை நகர நகர ஒவ்வொரு காப்பியாக எடுத்து மாதாவைப் பார்த்து உயர்த்திப் பிடித்தார். "அம்மா, இது ஸ்டேஷன் ரோடு, தண்ணி டேங்குக்கு எதிர்வூடு. சுகர் இறங்கவே மாட்டேங்குது." கூரியர்காரனுக்கு வழி சொல்வதுபோல வழி சொன்னார். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். அவர் அசையவில்லை. சுமதியின் காப்பி வந்தபோது மட்டும் விலாசம் சொல்லவில்லை. "நன்றிம்மா" என்று அதை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

மொட்டை போடும் இடத்தில் என் முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. சுமதி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது பக்கத்துப் பலகையில் மாதா ஜெராக்ஸ் உட்கார்ந்திருந்தார்.

முடி எடுப்பவர் அவர் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "உங்களுக்கு என்னாங்க எடுக்கறது?"

மாதா ஜெராக்ஸ் அந்த ஒரு பிடி முடியை இடது கையால் தூக்கிக் காட்டினார். "இதை."

"யோவ், வேணாம்யா!" என்றேன். இத்தனை வருஷத்தில் அவரை நான் 'யோவ்' என்றது அன்றைக்குத்தான்.

"அன்னிக்கே நேந்துட்டேங்க சார். ரிப்போர்ட்டை ரெண்டு தடவை படிச்சும் மனசு ஆறலை. வாய்லதான் சாதாரணக் கட்டின்னேன். உங்க முடி அடர்த்திதான், நான் இல்லங்கலை. ஆனா அது திரும்ப வளந்துரும். என்னுது இந்த வயசுல போனாப் போனதுதான். வளர்ற முடியைக் குடுக்கறதுல என்னா இருக்குதுன்னு அம்மா கேட்டுட்டா? எனக்குப் பயமாப் போச்சுங்க."

கத்தி இரண்டு இழுப்பு இழுத்தது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. சந்தனத்தைக் குழைத்து முதலில் அவர் தலையிலும் அப்புறம் என் தலையிலும் பூசிவிட்டாள் சுமதி. அவரிடம் நன்றி என்று சொன்னேனா என்பதுகூட நினைவில்லை.

மொரப்பூரில் வந்து இறங்கிப் பிளாட்பாரத்தில் நடக்கும்போது ஒரு எக்ஸ்பிரஸ் நிற்காமல் கடந்துபோனது. அவருடைய இடது கை வழக்கம்போலக் காதுக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. வண்டி முழுக்கப் போகும்வரை காதைப் பிடித்தபடியே நின்றார்.

இப்போது நாங்கள் தர்மபுரிக்கு வீடு மாறிவிட்டோம். சுமதி சவுக்கியமாக இருக்கிறாள். என் முடி முன்பைவிட அடர்த்தியாக வளர்ந்துவிட்டது. பங்காளிகள் மறுபடியும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். அவ்வப்போது மாதா ஜெராக்ஸுக்குப் போன் போடுகிறேன். கடைசியாக, "முளைச்சுதுங்களா?" என்று கேட்பேன். "எங்கங்க சார்! வெறுங்காதுதான். நீங்க எப்பிடி, தலை சீவறீங்களா?" என்று சிரிப்பார்.

சாமி விஷயத்தில் நான் இன்னும் பழைய ஆள்தான். ஆனாலும் வேளாங்கண்ணி எந்தத் திசையில் இருக்கிறது என்று மொட்டை மாடியில் நின்று தெரிந்துவைத்திருக்கிறேன். தாயே, அந்த மனுஷனுக்கு இடது காதோரம் ஒரு பிடி முளைத்தால் போதும், என் தலையை மறுபடியும் கொண்டுவந்து தருகிறேன் என்று நேர்ந்திருக்கிறேன். இந்தத் தடவை நானேதான் நேர்ந்தேன்.