மஞ்சள் துணிக்குள் போன வாக்கு

கிரான்பர்ன்
10.11.2024, ஞாயிறு

அன்பு மச்சான் கேதீஸ்வரன் அறிவது,

இங்க நாங்கள் உயிரோட இருக்கிறம். நீரும் நிரூபாவும் சுகமோ எண்டு கேக்கிறதுதான் முறை. ஆனால் கவுன்சில் தேர்தலில ரெண்டே ரெண்டு வாக்கால தோத்த மனிசனிட்டச் சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை. நாலு தெரு தள்ளி இருக்கிற உமக்கு ஏன் முத்திரை ஒட்டிக் கடிதம் எண்டு யோசிப்பீர். போனில கதைச்சால் என்ர மனிசி, உம்மட கொக்கா நேசமலர் பக்கத்தில நிப்பா. நேர வந்தால் நிரூபா தேத்தண்ணி தருவா, அதைக் குடிக்கிற யோக்கியதை எனக்கில்லை. விசயம் இதுதான். அந்த ரெண்டு வாக்கும் என்ர காரின்ர டிக்கிக்குள்ள, ஸ்பெயார் சில்லுக்குக் கீழ கிடக்குது.

எல்லாம் தபால் வாக்குத்தான், வீட்டுக்கு வாற வாக்குச்சீட்டில ஏழு வேட்பாளருக்கும் விருப்பவரிசைப்படி இலக்கம் போட்டு, உறையில கையொப்பம் வைச்சு ஒட்டி, பெட்டியில போட்டால் வேலை முடிஞ்சுது. 'அப்பா, ஜஸ்ட் போஸ்ட் இற்' எண்டு மகள் வினுஷாவும் சொன்னவள். ஆனால் எங்கட வீட்டிலயிருந்து எந்த முக்கியமான கடுதாசியும் நேர தபால்பெட்டிக்குப் போன சரித்திரமில்லை. என்ர பிஆர், நிரந்தர வதிவிட விண்ணப்பமே சாமியறையால வெளிக்கிட்டதுதான். சீட்டுகள் வந்தது நவராத்திரிக்குள்ள. கொக்கா பறிச்சுக்கொண்டு போய்ச் சரஸ்வதிக்கு முன்னால புத்தகங்களோட அடுக்கிப்போட்டா, அடுக்கினதை விஜயதசமி மட்டும் தொடக்கூடாதாம். தசமி முடிஞ்சு, நீர் தந்த பிரசாரத் துண்டுக் கடுதாசியைப் பாத்து இலக்கம் போட்டு ஒட்டி, "போட்டு வாறன்" எண்டு செருப்பைக் கொழுவினால், "இஞ்சாருங்கோ, செவ்வாய்க்கிழமை ஆரும் நல்ல காரியத்துக்கு வெளிக்கிடுவினமோ? உங்கட சொந்தத் தம்பியெண்டால் இப்பிடிச் செய்வியளோ?" எண்டா. பிறகு எனக்குச் சந்திராட்டமம், அதுக்குப் பிறகு அவவுக்கு. அப்பிடியே கடைசிக் கிழமை வந்திட்டுது. வியாழன் அட்டமி, வெள்ளி நவமி. வெள்ளி பின்னேரம் ஆறு மணியோட வாக்கெடுப்பு முடியுது எண்டதால, நவமிக்கு மட்டும் ஐயர் போனிலயே விலக்குக் குடுத்தார்.

வெள்ளி லீவு போட்டு நிண்டன். தேர்தல் கந்தோரில நேர குடுக்கலாம், ஆறுக்குக் கதவு சாத்துவினம். காலமை பத்தரைக்கு வெளிக்கிட, ராகுகாலம். பன்ரண்டுக்குப் பிறகு மோதகம் அவிச்சுப் படைச்சு முடிய நாலு. நாலுக்குச் செருப்பைக் கொழுவ, "பொறுங்கோ, பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்தில அடிச்சது. அங்கத்தைய பத்தரை இங்க நாலு மணி" எண்டா.

"எடியே, காலமையும் ராகுகாலம் எண்டனீ! ராகு எந்த ஊரிலதான் இருக்கிறார்?"

"ரெண்டிலயும்தான். எங்கட ஆக்களும் ரெண்டு ஊரிலயும் இருக்கினம்தானே?"

செருப்பைக் கழட்டிப்போட்டு இருந்தன். அஞ்சரைக்கு அந்த ஊர் ராகுவும் கழிய, உறையளை மஞ்சள் துணியில சுத்தி நூலால கட்டித் தந்தா. சில்லுக்குக் கீழ தேசிக்காய் வைச்சு நசிச்சு வெளிக்கிட்டால், வழியில றோட்டுக் கிண்டுறாங்கள். நான் போய்ச் சேர ஆறு நாலு. கண்ணாடிக்கு அங்கால நிண்ட பிள்ளை மணிக்கூட்டைக் காட்டித் தலையை ஆட்டிச்சுது. காருக்குள்ள இருந்து மூண்டு மோதகம் திண்டன், அழுதுகொண்டுதான் திண்டன். வீட்ட வந்து "குடுத்தாச்சு" எண்டன். கொக்கா திருநீறு பூசிவிட்டா.

முடிவு வந்த நாளிலயிருந்து எனக்கு நித்திரையில்லை. ரெண்டும் போயிருந்தால் சமனாகி, திருவுளச்சீட்டு எடுத்தெண்டாலும் பாத்திருப்பாங்கள். "வாக்குப் போடாமல் விட்ட அந்த ரெண்டு மூதேசியளின்ர வீட்டில விளக்கெரியாது" எண்டு கொக்கா ஒவ்வொரு பின்னேரமும் சாபம் போடுறா. பக்கத்தில நிண்டு அதே விளக்குக்கு எண்ணெய் விடுறது நான். வாக்குப் போடாத ஆக்களுக்குப் பேர்பேராய்க் கடிதம் வருமாம், தண்டமும் உண்டாம். கொக்காவின்ர பேருக்கும் ஒண்டு வரும், அண்டைக்கு என்ர கதை சரி. தபால்காரன்ர மோட்டார்சைக்கிள் கேட்டால் முதல் ஆளாய்ப் பெட்டிக்கு ஓடுறன். அதுக்கு முன்னம் ஒருக்கா வந்து, "அத்தானில பிழையில்லை அக்கா" எண்டு ஒரு சொல்லுச் சொல்லும் ராசா. உம்மைத் தோக்கடிச்ச பாவி கேக்கிறன்.

நிரூபாவுக்கும் பிள்ளையளுக்கும் எங்கட ஆசிகள். அடுத்த தேர்தலுக்குப் பிள்ளையார் உமக்குத் துணை நிக்கட்டும். என்னை மட்டும் நம்பாதையும்.

இப்படிக்கு,
உம்மட அத்தான்
இந்திரகுமார்

பி.கு: கடிதத்தை ஒட்டமுன்னம் சாட்சிக்கு எண்டு டிக்கியைத் திறந்து மஞ்சள் துணியை அவிட்டுப் பாத்தன். உள்ளுக்குள்ள மூண்டு உறை. மூண்டாவதில உம்மட பேர், உம்மட கையொப்பம். குடுக்கேக்க மூண்டு உறை இருந்ததே எண்டு மெல்லமாய்க் கொக்காவைக் கேட்டன். "விஜயதசமிக்கு வந்த தம்பி, 'எங்கட வீட்டுப் பிள்ளையாரைவிட உங்கட பிள்ளையாருக்குச் சக்தி கூட, உங்கடயோட சேர்த்துப் போடுங்கோ' எண்டு தந்திட்டுப் போனவன்" எண்டா. ஆக மச்சான், ரெண்டு வாக்கால தோத்த வேட்பாளரின்ர வாக்கும் இஞ்சதான் கிடக்குது. ஏன் போடேல்லை எண்ட கடிதம் உம்மட வீட்டுக்கும் வரும். மேல எழுதின மன்னிப்பு முழுக்கத் திருப்பி எடுக்கிறன். நீர் கொக்காவுக்கு வாய் திறக்காதையும். கால் வீங்க வீடு வீடாய்த் துண்டு குடுத்துத் திரிஞ்ச நிரூபாவுக்கு நானும் திறக்க மாட்டன்.