ஹீட்டர் வால்வுச் சம்பந்தம்

என்ஜினைக் குளிரவைக்கும் பச்சை நிறத் தண்ணீர் நிமிடத்துக்கு மூன்று சொட்டு வீதம் விழுந்துகொண்டிருந்தது. வண்டிக்கு அடியில் படுத்திருந்த பிராங்க்ளினின் நெற்றியில் நான்காவது சொட்டு விழுந்தது. அது சுடவில்லை என்பது ஒன்றுதான் அவருக்கு நிம்மதி.

மதுரை ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்த இருபத்திரண்டு வருடங்களில் அவர் டிராக்டர் பார்த்திருக்கிறார், பூ மூட்டை ஏற்றும் மினி வேன் பார்த்திருக்கிறார். கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய, அறுபது வயதான சீமை ஸ்போர்ட்ஸ் காரை இப்போதுதான் பார்க்கிறார். அதில் ஹீட்டர் வேறு. திண்டுக்கல் வெயிலில் காருக்குள் சூடு வரவழைக்க ஒரு கருவி, அதற்கு வெந்நீரைத் திறந்து மூட ஒரு வால்வு, அந்த வால்வில் ஒழுகல்.

வேறு யாருடைய காராக இருந்தாலும் பத்து நிமிட வேலை. வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு குழாய்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால் தீர்ந்தது. ஆனால் இது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சூசைராஜின் கார். அவர் மகன் ஆனந்த்ராஜைத்தான் கட்டிக்கொள்வேன் என்று பிராங்க்ளினின் மகள் அறிவுச்செல்வி இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சூசைராஜ் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எதையும் கழட்டி எறியக் கூடாது. இருக்கிறத இருக்கிறபடியே சரி பண்ணணும்," என்றார். கிளம்பும்போது திரும்பிப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாரேன். வண்டியப் பாத்துட்டு மத்ததப் பேசுவோம்," என்றார்.

கூட வந்த அவர் மனைவி சகாயராணி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டி சரியானால்தான் கல்யாணம் என்று பிராங்க்ளினுக்குப் புரிந்துவிட்டது.

வியாழக்கிழமை ஸ்பேனரை மாட்டி வால்வை ஒரு சுற்று இறுக்கினார். பயந்த கை கொஞ்சம் கூடுதலாகவே இறுக்கும். திருகு மரை தேய்ந்துபோய், சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை, குழாய் அடைக்கிற பசையை உருட்டி அப்பினார். ஒழுகல் நின்றது. ஆனால் வால்வும் திறந்தபடியே இறுகிப்போனது. என்ஜினைப் போட்டதும் ஹீட்டர் முழு மூச்சாக வேலை செய்தது. சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் இட்லிச் சட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மதியம் சாப்பாடு கொண்டுவந்த அறிவுச்செல்வி, வியர்வையில் நனைந்திருந்த அப்பாவைப் பார்த்து, சரியாகிவிடுமா என்று மெதுவாகக் கேட்டாள். செத்த நேரத்தில் சரியாகிவிடும் என்றார் அவர். மகளிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று மறுபடியும் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் பேகம்பூருக்கு ஓடினார். அங்கே இஷாக் பாய் பித்தளையில் பூட்டுச் செய்பவர். பழைய வால்வைக் காட்டி, இதே மாதிரி ஒன்று வேண்டும் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். சாயங்காலமே தங்கமாக மினுங்கும் ஒரு வால்வு கைக்கு வந்தது. நடுவில் ஒரு சாவித் துளையும் இருந்தது. பாயின் கைக்குச் சாவி இல்லாமல் ஒரு சாமானை முடிக்க வராது.

"ஹீட்டர எவன் பாய் திருடப் போறான்?"

"இனிமே எவனாலயும் முடியாதுன்னு சொல்றேன்," என்று இஷாக் பாய் சாவியை நீட்டினார்.

பிராங்க்ளின் வால்வை மாட்டி, மூடிப் பூட்டி, சாவியைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் வால்வை மூடினாலும் என்ஜின் தண்ணீர் நிற்கிற, காருக்குள்ளிருந்து திரும்பும் ரப்பர் குழாய் கிழடு தட்டிப் போயிருந்தது. மாற்றியிருக்கலாம். எதையும் எறியக் கூடாது என்று சொல்லிவிட்டாரே, வால்வை மாற்றிய பாவமே போதும் என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சூசைராஜ் வந்து, குனிந்து, கைக்குட்டையால் வால்வைத் துடைத்துப் பார்த்தார். கைக்குட்டை காய்ந்தே இருந்தது. மினுக்கத்தைப் பழைய வால்வைத் தேய்த்த பளபளப்பு என்று எடுத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக பிராங்க்ளினைப் பார்த்துச் சிரித்தார். சின்னாளப்பட்டி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து தேதி குறிக்கலாம் என்று சொல்லி, மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினார். பிராங்க்ளின் மொபெட்டில் பின்னாலேயே போனார்.

பாதி தூரத்தில் ரோட்டில் பச்சையாக ஒரு கோடு தெரிந்தது. குழாய் காருக்குள்ளேயே வெடித்திருக்கிறது. என்ஜின் தண்ணீர் முழுக்கச் சகாயராணியின் காலடியில் கொட்டி, கீழே வழிந்துகொண்டிருந்தது. பிராங்க்ளின் விடாமல் ஹாரன் அடித்தார், கையை ஆட்டினார். சூசைராஜ் கண்ணாடியில் பார்த்தார். மனுசன் சந்தோஷத்தில் கையாட்டுகிறார் என்று நினைத்து, தானும் கையாட்டிவிட்டு இன்னும் வேகமாக விரட்டினார். சகாயராணி மட்டும் ஒரு தடவை திரும்பி பிராங்க்ளினை நன்றாகப் பார்த்தார். பிறகு காலைத் தூக்கி சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டு, முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சின்னாளப்பட்டி வருவதற்கு முன்பே என்ஜின் ஒரு தடவை உறுமி, இரும்பு உரசும் சத்தத்தோடு நின்றுபோனது.

பிராங்க்ளின் என்ஜின் மூடியைத் திறந்து பார்த்தார். பார்க்க எதுவும் மிச்சமில்லை.

"தண்ணியில்லாமச் சூட்டுல என்ஜின் இறுகிப் பிடிச்சிருச்சு சார். இதுக்கு இனி சாமானே கிடைக்காது."

சூசைராஜ் இறங்கிப் போய்த் தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். மகளிடம் என்ன சொல்வது என்று நினைக்கும்போதே பிராங்க்ளினுக்குக் கண் கலங்கியது. புடவை நுனியைப் பிழிந்துகொண்டிருந்த சகாயராணியிடம் போய்க் கையைக் கூப்பினார்.

"தப்பு எம்மேலதாம்மா. எம் புள்ளைய வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீங்க."

சகாயராணி மரத்தடியை ஒரு தடவை பார்த்து, கணவருக்குக் கேட்காது என்று தெரிந்துகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அந்த வால்வ லூசாக்கி விட்டதே நாந்தேன், முப்பது வருசமா வந்த மெக்கானிக் அம்புட்டுப் பேரும் இந்தச் சனியனப் பொழைக்க வச்சுட்டுத்தான் போனாங்க, நீங்க ஒருத்தருதேன் முடிச்சு வச்சிருக்கீங்க, நிச்சயத்த அடுத்த ஞாயித்துக்கிழமையே வச்சுக்குவோம், சம்பந்தி."