மூன்று தட்டு

பேய்க்கதை சொல்லி ஆட்களை ஓட வைத்தவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். கேட்டவர்களுக்குத் துளிப் பயம்கூட வராமல் ஓட வைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஸ்டோர்கீப்பராக இருந்தார். மம்பட்டி, செடியின் தலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி, கொழுந்துப் பை, இடுப்பில் கட்டும் படங்கு எல்லாம் அவர் கையால்தான் வரவேண்டும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ஆனால் தோட்டத்தை நடத்தும் பெரிய துரையிலிருந்து கொழுந்து எடுக்கும் பெண்கள் வரைக்கும் அவர் 'அப்படியில்ல' ஐயாதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு புத்தகம். முன்பிருந்த துரை ஒருவர் மாற்றலாகிப் போகையில் பங்களாவில் விட்டுப்போன தடித்த ஆங்கிலப் புத்தகம். அத்தனையும் அமெரிக்காக்காரர்களின் பழைய பேய்ச் சிறுகதைகள். முதல் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டதால் எழுதியவர்கள் யாரென்று தெரியாது. கேட்டால், "கரையானுக்குத் தெரியும்" என்பார். மிச்சமிருந்ததை மனப்பாடம் செய்துவிட்டார். அத்தோடு நிறுத்தியிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். ஹட்டனில் ஒரு சீடிக் கடைக்காரர், அந்தக் கதைகளை வைத்து எடுத்த படங்களையும் மேடை நாடகப் பதிவுகளையும் எங்கெங்கோ தேடிப்பிடித்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

நான் அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியராகப் போன முதல் வாரம், கரும்பலகை மாட்ட இரண்டு ஆணி கேட்டு ஸ்டோருக்குப் போனேன்.

"மாஸ்டர் பேய்ப்படம் பாப்பீங்களா?"

"எப்பவாவது பாப்பேங்கய்யா" என்றேன், தெரியாத்தனமாக.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"கன்சாஸ்னு ஒரு ஊரு. சோளக்காட்டுக்கு நடுவுல ஒத்த வீடு. உள்ள ஒரு ஆளு தனியா இருக்கான். தெனமும் பொழுது சாயுற நேரம் பின்கதவ யாரோ தட்டுறாங்க. கதையில எத்தன தட்டு? மூணு. படத்துல? பதினேழு! நான் எண்ணிட்டேன். பதினேழு தட்டு தட்டுனா அது பேயா, ஓட்டுக் கேட்டு வர்றவனா?"

"ஐயா, ஆணி..."

"நாடகம் அதவிட மோசம் மாஸ்டர். பேய் உள்ள வந்து கால்மணி நேரம் லெக்சர் அடிக்குது. கதையில அப்படி இல்லீங்க. கதையில அது வாயே தொறக்காது. தட்டும், நிக்கும், போயிரும். அதான் பயம். வாயத் தொறந்துட்டா அது பேய் இல்ல, சம்பந்தி."

ஆணி என் கைக்கு வந்தபோது பள்ளிக்கூடம் விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது.

காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்தி வருகிறவனுக்குக் கங்காணி ஒரு தண்டனை வைத்திருந்தார். "இன்னிக்கி ஸ்டோருக்கு நீ போ" என்பார். தடித்த ஆம்பிளைகள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். "கங்காணியாரே, வேணும்னா அந்த மேட்டுல ரெண்டு வரிசை சேத்து வெட்டுறேன், என்னைய அங்க அனுப்பாதீங்க!" ஒருமுறை தலவாக்கலை பஸ்ஸில் ஏதோ பேய்ப்படம் போட்டார்கள். இவர் எழுந்து நின்று, கதையில் யார் சாகிறார், படத்தில் யார் சாகிறார் என்று ஒவ்வொரு சாவாக விளக்கினார். கண்டக்டர் சிங்களத்தில் கெஞ்சினார். அவருக்குப் புரியவில்லை போலும் என்று இவர் முழுவதையும் சிங்களத்தில் மறுபடி ஆரம்பித்தார். நான்கு பேர் தங்கள் ஊர் வருவதற்கு முன்பே இறங்கி நடந்தார்கள்.

இப்போது சிரிப்பாக எழுதிவிட்டேன். அப்போதும் சிரித்தோம். ஆனால் அந்த மனிதர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே தங்கை வவுனியாவில். வேலை முடிந்தால் மேட்டிலிருந்த குவார்ட்டர்ஸுக்குப் போய்த் தானே சமைத்துத் தானே சாப்பிடுவார். எலும்பைக் கடிக்கும் குளிரிலும் ஸ்டோர்க் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு பாதையைப் பார்த்தபடி இருப்பார். ஆள் உள்ளே வந்த பிறகுதான் சாத்துவார். "இந்தத் தோட்டத்துல ஒரு கதைய கடைசிவரைக்கும் ஒக்காந்து கேட்டவங்க யாருமே இல்ல மாஸ்டர்" என்று ஒருநாள் சொன்னார். சொல்லும்போது நான் வாசல்படியில் ஒரு காலை வைத்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அவர் ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தபோது கோயில் திருவிழா வந்தது. இரண்டாம் நாள் பின்னேரம் நாடகம் போடுவது வழக்கம். "படக்காரனும் கெடுத்தான், நாடகக்காரனும் கெடுத்தான். கதையில உள்ளபடி நாம போட்டுக் காட்டுவோம் மாஸ்டர்" என்று என் பின்னாலேயே திரிந்தார். சம்மதித்தேன். வீட்டுக்காரன் நான். பேயாக நடிக்க ஒருவரும் முன்வராததால் பேய் அவர். மூன்று தட்டு, கதவு திறக்கும், பேய் பேசாமல் நிற்கும், திரை. ஒத்திகையில் நான் ஒரு தட்டைத் தவறவிட்டு இரண்டாவதிலேயே கதவைத் திறந்ததற்கு இரண்டு நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை.

பெரட்டுக்களத்தில் மேடை. நான்கு மணிக்கே மலையிலிருந்து மூட்டம் இறங்கி மேடைக்குள் வந்துவிட்டது. திரைக்குப் பின்னால் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "அமெரிக்காவுல இதுக்கு மெசின் வச்சுப் புகை விடுறான் மாஸ்டர்!"

முதல் தட்டு. இரண்டாவது. மூன்றாவது. கதவைத் திறந்தேன். வெள்ளை வேட்டி போர்த்தி, முகமெல்லாம் கோதுமை மாவு அப்பி, மூட்டத்துக்குள் அவர் அசையாமல் நின்றார். இந்த உலகத்தில் எந்தப் படமும் அந்தக் கதையை அவ்வளவு சரியாகக் காட்டியிருக்காது.

அமெரிக்காவில் பேய் வந்தால் அலறிக்கொண்டு ஓடுவார்கள். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில் யாரும் ஓடுவதில்லை. யார், எவர், என்ன குறை என்று கேட்டு, வேண்டியதைக் கொடுத்து அனுப்பிவைப்பதுதான் முறை. யார்மேல் என்ன வந்தாலும் அதைக் கேட்கிறவர் செல்லம்மா அக்கா, கொழுந்து எடுப்பதில் தோட்டத்திலேயே கெட்டிக்காரி. முன்வரிசையில் இருந்தவர் எழுந்தார். கோயில் தட்டில் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு நேரே மேடையில் ஏறிவிட்டார்.

"யாருப்பா நீ? எங்கேருந்து வர்ற?"

பேய் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லு சாமி. பயப்படாத. ஒனக்கு என்ன கொறை? என்ன வேணும்? எதுன்னாலும் குடுக்குறோம்."

"ஐயா, பேசிடாதீங்க" என்று முணுமுணுத்தேன். கதையைக் காப்பாற்ற வேண்டுமென்று அந்த நேரம் எனக்கும் வெறி வந்திருந்தது. அவர் செல்லம்மா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்து மாவில் ஒரு கோடு விழுந்தது.

"ஒண்ணும் வேணாங்க" என்றது பேய். "ஸ்டோர்லதான் இருக்கேன். வந்தா ஒரு அஞ்சு நிமிசம் ஒக்காந்து பேசிட்டுப் போங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. செல்லம்மா அக்காவும் தயங்கவில்லை. "அவ்வளவுதானே? வர்றோம். வாக்குக் குடுத்துட்டேன். இப்ப நீ மலையேறு!" என்று நெற்றியில் திருநீற்றை அப்பி ஒரு தட்டுத் தட்டினார். மூக்கில் திருநீறு ஏறி, பேய் மூன்று தும்மல் போட்டுவிட்டு இறங்கியது.

திரைக்குப் பின்னால் அவரைப் பிடித்துக்கொண்டேன். "என்னங்கய்யா இது? கதையில அப்படி இல்லையே!"

வேட்டி முனையால் முகத்தைத் துடைத்தார். "கதையில யாருமே அதுகிட்ட என்ன வேணும்னு கேக்கலையே மாஸ்டர். கேட்டிருந்தா அதுவும் சொல்லியிருக்கும்."

அப்படிக் கொடுத்த வாக்கை மீறினால் வீட்டுக்கு ஆகாது என்பது லயத்துக்கே தெரியும். மறுநாளிலிருந்து கொழுந்தை எடை போட்டுவிட்டுப் போகும் பெண்கள் முறை வைத்து ஸ்டோரில் ஏறினார்கள். முதலில் வாக்குக்காக வந்தவர்கள், போகப் போகக் கதைக்காக வந்தார்கள். "அந்த வெள்ளக்காரன் கடைசிவரைக்கும் ஒரு வாய்த் தண்ணிகூடக் குடுக்கலயா? என்னா மனுசன் ஐயா அவன்!" என்று கன்சாஸ்காரனைத் திட்டினார்கள். என்னால் நம்பவே முடியாதது ஒன்று: அந்த வருடம் அவர் கதவைச் சாத்தவே இல்லை. வெளியிலும் ஆட்கள் நின்றார்கள்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வவுனியாவுக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். "இங்க ஒரே வெயிலுங்க மாஸ்டர். எந்தப் பேயும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காது" என்று குறைப்பட்டுக்கொள்வார். ஆனால் அங்கே தங்கையின் மாமியாருக்குக் காது மந்தம் என்பதால், ஒவ்வொரு கதையையும் இரண்டு தடவை சொல்ல முடிகிறதாம்.

நான் இப்போது கொழும்பில், ஒற்றை அறையில் இருக்கிறேன். பக்கத்து அறைக்காரர் பெயர் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனில் ஏதாவது பேய்ப்படம் பார்ப்பேன். படம் முடிந்ததும் அறை ரொம்பப் பெரிதாகிவிடும். அப்போது அவரை அழைப்பேன்.

"சொல்லுங்க மாஸ்டர், என்ன வேணும்?" என்பார்.

"ஒண்ணும் வேணாங்கய்யா. ஒரு அஞ்சு நிமிசம் பேசுங்க."