வடைமாலை போட்ட சீன நாய்

இதை எழுதலாமா, எழுதினால் சாமிக் குற்றம் வருமா என்று பல வருடங்கள் தயங்கினேன். நான் அதிகம் படித்தவன் அல்ல. நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் தெரியும்.

விற்கப் போட்ட சாமானுக்குத் திருநீறு பூசி வாங்கும் மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரும் ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் மாடியிலேயே குடியிருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது; எல்லோருக்கும் அவர் கராஜ் சேல் அண்ணை. கோடை வந்தால் வீட்டு வாசல்களில் விற்கும் பழைய சாமான் தேடிப் புறப்பட்டுவிடுவார். வாங்கியதை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டாமல் உள்ளே எடுக்கமாட்டார். அப்படிக் குளித்த, பாண் வாட்டும் மின்சார ரோஸ்டர் ஒன்று அன்றைக்கே சிவபதம் அடைந்தது. "அதின்ர விதி அவ்வளவுதான்" என்று அதற்கும் ஒரு பூ வைத்தார்.

ஒருநாள் துவாயில் சுற்றி ஒரு மண் நாயைக் கொண்டுவந்தார். மங்கிய பச்சை நிறம், நிமிர்ந்த காது, சுருண்ட வால், நெஞ்சைச் சுற்றிப் பட்டி.

"ஆரோ வெள்ளைக்கார மனிசி வாசலில வைச்சிருந்தது. வைரவற்ற வாகனமெல்லோ, வெயிலில நிக்க விடலாமே?" என்றார்.

உடுப்பு அலுமாரிதான் அவருடைய சாமியறை. அதில் நாய் ஏறியது. வெள்ளிக்கிழமைகளில் அதற்கு வடைமாலை. மாடியே திரண்டு கும்பிட்டது, நானும்தான். என் மூத்த மகளின் கலியாண அழைப்பிதழ் அச்சாகி வந்தபோது, தடை வராமல் இருக்க முதல் பிரதியை அதன் காலடியில் வைக்கச் சொன்னார். வைத்தோம்.

அன்றைக்கு வடை மணத்துக்குப் பக்கத்து வீட்டுச் சீன அன்ரி எட்டிப் பார்த்தார். ஒரு வடை கொடுத்தோம். நாயைக் கண்டார், வடை வாய்க்குப் போகவில்லை. அவருடைய கணவர் பழம்பொருள் கடை வைத்திருந்தவர். பாதி ஆங்கிலத்திலும் பாதி கைப்பாஷையிலும் அன்ரி சொன்னது இதுதான்: இது மிகப் பழங்காலத்து நாய், செத்தவருக்குக் காவலாகக் கூடவே புதைப்பது.



"இஞ்சரப்பா, பிரேதத்தோட கிடந்ததுக்கு முன்னாலயோ பிள்ளையின்ர கலியாணக் கார்ட்டை வைச்சனாங்கள்?" என்று மனைவி சுவரைப் பிடித்தாள்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் கிளே" என்றாள் மகள்.

"நீ வாயை மூடு. மாப்பிள்ளையின்ர தாய்க்குத் தெரிஞ்சால் கலியாணம் குழம்பிப் போகும்."

அவள் பயந்ததில் பிழையில்லை. சம்பந்தியம்மா வானொலியில் மரண அறிவித்தல் கேட்டாலே தலை முழுகுபவர். ஒருவரும் மூச்சுக் காட்டுவதில்லை என்று முடிவெடுத்தோம். கராஜ் சேல் அண்ணை மட்டும் நாயின் கழுத்திலிருந்த வடைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, பக்கத்துப் பகுதியான அஜின்கோர்ட்டிலிருந்து சம்பந்தியம்மாவின் போன். "உங்கட ஆளொருத்தர் நாயோட வந்து எங்கட முன்னறைச் செற்றியில குந்தியிருக்கிறார். கெதியா வாங்கோ."

நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அண்ணை எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். நாய் அவருடைய மடியில்.

"கார்ட்டை வைக்கச் சொன்னது நான், தங்கச்சி. குற்றம் என்னில. பிள்ளையின்ர கலியாணத்தை நிப்பாட்டிப் போடாதேங்கோ."

சம்பந்தியம்மா நாயையே பார்த்தார். என் மனைவி கண்ணை மூடித் தேவாரம் முணுமுணுத்தாள்.

"உது ஆரின்ர குழியில கிடந்தது?"

"தெரியேல்லை. அந்தாள் எலும்பும் இல்லாமல் மண்ணாப் போயிருப்பார். இது இன்னும் காதைத் தூக்கிக்கொண்டு நிக்குது."

"எங்கட பொடியன் பத்து நிமிசம் ஒரு இடத்தில நிக்கமாட்டான்" என்றார் சம்பந்தியம்மா. "உதைப் பாத்தெண்டாலும் பழகட்டும். கலியாணம் வைச்ச நாளில நடக்கும்." சொல்லிவிட்டு நேரே தலை முழுகப் போனார்.

கலியாணம் நடந்தது, பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அதன்பிறகு ஆடி அமாவாசை தோறும் அண்ணை தன் தகப்பனுக்கு ஓர் இலையும், பக்கத்தில் அந்த முகம் தெரியாத சீனருக்கு ஓர் இலையும் போட்டார். "அவருக்கு இப்ப ஆர் இருக்கினம்?" என்பார். போன மாரியில் அண்ணையும் போய்விட்டார். அவருக்கும் பிள்ளை குட்டி இல்லை. இந்த ஆடியில் என் வீட்டில் மூன்று இலை.

யாருக்காவது இதைச் சொல்வதென்றால் இப்படியே சொல்லுங்கள். ஸ்காபரோவில் சிலர் அன்றைக்குச் சம்பந்தியம்மா வீட்டில் நாய் குரைத்தது என்கிறார்கள். சிலர் அது கண்ணீர் விட்டது என்கிறார்கள். ஒன்றும் கூட்ட வேண்டாம். நாய் சும்மாதான் இருந்தது. அழுதது கராஜ் சேல் அண்ணை.